மொட்டைக் கடுதாசியும் முத்திரையும்

வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் எடுத்தால், வெள்ளைப் பீங்கானின் முதுகில் ஒரு கம்பெனியின் சின்னம் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்கிய கட்டை என்றால், கட்டையிலோ அது வந்த அட்டைப்பெட்டியிலோ முத்திரைக்கு மேலே 2086 என்ற தர எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால், உரிமம் எந்த நிறுவனத்துடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். மண்ணை அச்சில் அழுத்தியவர், பிசிறு சீவியவர், சூளைக்குள் அடுக்கியவர் ஆகியோரில் ஒருவர் பெயரும் அதில் வராது. வாங்குகிறவருக்கு அது ஒரு குறையாகப் படுவதும் இல்லை. கட்டை கருகிப் போனால் யாரைப் போய்க் கேட்பது என்று தெரிந்திருக்கிறது. அவருக்கு அது போதும்.

விருத்தாசலத்தில் இந்த மாதிரி மின்சாரப் பீங்கான்கள் பல பத்தாண்டுகளாக உருவாகின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை வாரும்போது வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து வருகிறது. மண் பக்கத்திலேயே கிடைத்த ஊரில் செராமிக் தொழிற்பேட்டை வந்தது, அரசின் டாசெல் நிறுவனம் வந்தது, செராமிக் படிப்புக்கென்றே ஒரு பயிலகமும் வந்தது. ஜாடி, கோப்பை, அகல்விளக்கு, கொலு பொம்மை என்று இங்கிருந்து லாரி ஏறும் பொருள்களை வாங்குகிறவர்கள் செய்தவர் முகத்தைப் பார்த்ததில்லை. முகம் காட்டாதவரை நம்பலாமா, பெயரை மறைத்துக்கொண்டே ஒருவர் நற்பெயர் சம்பாதிக்க முடியுமா என்று இணையத்தைப் பற்றி இன்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை இந்த ஊரில் நின்று யோசிக்க விரும்புகிறேன்.

மொட்டைக் கடுதாசி என்றாலே நமக்கு ஆகாது. நிச்சயமான கல்யாணங்களை அது நிறுத்தியிருக்கிறது. ஒழுங்காக வேலை பார்த்த தலைமையாசிரியர்களை விசாரணைக்கு அலைய வைத்திருக்கிறது. அரசாங்கத்துக்கும் இதே எண்ணம்தான். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூன் மாதம் அனுப்பிய சுற்றறிக்கையில், பெயரில்லாத புகார், பொய்ப் பெயரில் வரும் புகார் இரண்டின் மீதும் நடவடிக்கை வேண்டாம் என்று துறைகளுக்குச் சொன்னது.

இந்த வெறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் கையெழுத்து இல்லாததுதான் அந்தக் கடுதாசியின் குற்றம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எழுதியவர் மறுபடி அதே ஆளாக நம் முன்னால் வரமாட்டார் என்பதே அதில் உள்ள கோளாறு. சொன்னது பொய் என்று ஆனால் அவர் கையை விட்டுப் போவதற்கு ஒன்றும் கிடையாது. வேறொரு பெயர் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரிலேயே திரும்பத் திரும்ப வந்து, சொன்னதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவரையும் இவரோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது ஆணையம். தமிழில் நாலு புத்தகம் படித்தவர் அப்படிக் கட்டமாட்டார்.

இந்த ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்டவர் சொ. விருத்தாசலம். 1906-இல் பழைய தென்னார்க்காட்டின் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். கதைக்குப் புதுமைப்பித்தன் என்று பெயர் வைத்துக்கொண்டார். கவிதைக்கு வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை. விமர்சனத்துக்கு ரசமட்டம்; கல்கியின் எழுத்தோடு மோதியது அந்தப் பெயர். புதுமைப்பித்தனுக்கு வாசகர்கள் கொடுத்த மரியாதை கந்தசாமிப் பிள்ளைக்குத் தானாக வந்து சேரவில்லை. ஒவ்வொரு பெயரும் தன் எழுத்தைக் காட்டித்தான் தனக்கான இடத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. 1948-இல் அவர் மறைந்த பிறகு தொ.மு.சி. ரகுநாதனும், வெகுகாலம் கழித்து ஆ. இரா. வேங்கடாசலபதியும் பழைய இதழ்களைப் புரட்டி, சிதறிக் கிடந்த எழுத்துகளைத் தேடி ஒன்று சேர்த்தார்கள். ஒரு மனிதர் தனித்தனியாக வைத்திருந்த பெயர்களை ஒன்றாக முடிச்சுப் போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த உழைப்பு காட்டுகிறது. இறந்தவருக்குச் செய்யும்போது அது பதிப்புப் பணி. உயிரோடு இருப்பவருக்கு, அவர் சம்மதம் இல்லாமல், அவர் எதிரிகள் செய்யும்போது அது வேட்டை. இணையத்தில் எழுதும் பெண்களின் வீட்டு முகவரியையும் அலுவலகத்தையும் தேடிப் பிடித்துப் போடுகிறவர்கள் செய்வது அதைத்தான்.

எல்லாப் புனைபெயரும் ஒளிந்துகொள்வதற்காக வைப்பதும் இல்லை. விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் இயற்பெயர் அண்ணாமலை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வந்தபோது கிடைத்த வசவும் வாழ்த்தும், ‘செல்லாத பணம்’ நாவலுக்குக் கிடைத்த 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் இமையம் என்ற பெயரின் கணக்கில்தான் ஏறியிருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால் குறுந்தொகை. தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களைப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. பாட்டுக்குள் பளிச்சென்று நின்ற தொடரையே எடுத்து, அதையே புலவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், விட்ட குதிரையார், மீனெறி தூண்டிலார். ஊர் தெரியாது, குலம் தெரியாது, ஆணா பெண்ணா என்பதுகூடப் பெயரிலிருந்து தெரியாது. பெரும்பாலும் உள்ளதே ஒரு பாட்டு, அந்தப் பாட்டுத்தான் அவருக்கு அடையாளம். யார் என்று கேட்டு நிராகரிக்காமல், என்ன சொன்னார் என்பதை வைத்துப் பெயர் சூட்டிப் பாதுகாத்த அந்தத் தொகுப்பாளர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

விருத்தாசலத்தின் விருத்தகிரீசுவரர் கோயிலில் ஒரு வன்னிமரம் இருக்கிறது. விபசித்து முனிவர் இந்தக் கோயில் திருப்பணியைச் செய்தபோது, வேலை செய்தவர்களுக்கு அந்த மரத்தின் இலைகளை உருவிக் கூலியாகக் கொடுத்தார் என்பது தலபுராணம். வாங்கிக்கொண்டு போனவர்கள் பிரித்துப் பார்த்தால், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி இலை பொற்காசாக மாறியிருந்ததாம். யாருடைய மகன், எந்தத் தெரு என்று அந்த இலை பார்க்கவில்லை, வேலையை மட்டுமே பார்த்தது. இதே தலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு கதை சுந்தரருடையது. இறைவன் கொடுத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் போடுவதற்கு முன்னால் அவர் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டதையும், திருவாரூரில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்து மாற்றுக் குறைகிறது என்று முறையிட்டதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கொடுத்தவர் யார் என்பதில் சுந்தரருக்குத் துளி சந்தேகமும் இல்லை. இருந்தும் உரைத்துப் பார்த்தார்.

ஆள் யார் என்று கேட்காமல் வேலையைப் பார்ப்பது, கையில் வந்ததை உரைத்துப் பார்ப்பது என்ற இந்த இரண்டு காரியங்களையும் இன்றைய கணினியுகம் கணிதத்தால் செய்கிறது. 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு, ஒருவர் இரண்டு சாவிகள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஒன்றை ரகசியமாக வைத்துக்கொண்டு அதனால் கையொப்பம் இடலாம். மற்றொன்றை ஊருக்கே கொடுத்துவிடலாம். அதை வைத்து யாரும் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், ஆனால் போலி செய்ய முடியாது. நேற்று எழுதியவரும் இன்று எழுதியவரும் ஒரே சாவிக்காரர் என்பது உறுதியாகத் தெரியும். அவர் யார் என்பது தெரியாது. பிட்காயினை உருவாக்கி 2008-இல் அறிவித்த சதோஷி நகமோட்டோ யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. தானே சதோஷி என்று வந்தவர்களிடம் உலகம் கேட்டது, அந்தப் பழைய சாவியால் ஒரு கையொப்பம் போட்டுக் காட்டு என்றுதான். 1985-இலேயே டேவிட் சௌம் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஒருவர் வெவ்வேறு புனைபெயரில் இருக்கலாம். ஒரு பெயரில் ஈட்டிய நற்சான்றை, இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்டிக்கொடுக்காமல், மற்றொரு பெயருக்கு எடுத்துச் செல்லலாம். அதற்கான கணக்கை அவர் அப்போதே எழுதிக் காட்டினார்.

ஆக, மறைவும் நற்பெயரும் சேர்ந்திருக்க முடியுமா என்ற கேள்விக்குக் கணிதத்தில் எப்போதோ விடை வந்துவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இணையத்தில் புதுப் பெயர் வைத்துக்கொள்ளக் காசு செலவில்லை. ஒரு பெயரில் ஏமாற்றி, அது நாறியதும் உதறிவிட்டு, அடுத்த பெயரில் சுத்தமானவராக வந்து நிற்கலாம். எரிக் ஃபிரீட்மேனும் பால் ரெஸ்னிக்கும் 2001-இல் மலிவான புனைபெயர்களால் சமூகத்துக்கு ஏற்படும் செலவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பெயரை உதறுவது இலவசம் என்றால், புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் திருடனாக இருக்கலாம் என்று வைத்தே நடத்த வேண்டி வருகிறது. நல்லவர்களும் அந்த அபராதத்தைக் கட்டுகிறார்கள். அவர்கள் யோசித்த மாற்று ஒன்று உண்டு. ஓர் இடத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு புனைபெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது, பெயரைக் கொடுத்த அமைப்புக்கே தெரியாது. உள்ளே இருப்பதைப் பார்க்காமல் உறையின் மேல் முத்திரை குத்துகிற ஒரு கணித முறை, அதுவும் சௌம் கண்டுபிடித்ததே, இதற்குக் கைகொடுக்கிறது.

நம்மவர்களுக்கு இந்த வழி தோன்றவில்லை. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் வந்தன. விசாரணை போகப் போக, வாட்ஸாப் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற பக்கம் திரும்பியது. சென்னை ஐ.ஐ.டி.யின் காமகோடி முடியும் என்றார், நிறுவனம் மறுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவதூறாலும் ஆபாசத் தாக்குதலாலும் நொந்தவர்களின் வலிதான் இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இந்த மருந்தைத் தென்கொரியா முன்பே குடித்துப் பார்த்தது. 2007-இல் பெரிய தளங்களில் உண்மைப் பெயரைச் சரிபார்ப்பது கட்டாயம் என்றார்கள். 2011-இல் ஒரே ஒரு திருட்டில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. உண்மைப் பெயரை எல்லோரிடமும் வாங்கி ஓர் இடத்தில் குவித்தால், வசைபாடுகிறவன் வாய் அடங்குகிறதோ இல்லையோ, திருடனுக்கு ஒரு கிடங்கு தயாராகிவிடுகிறது.

ஃபியூஸ் கட்டைக்கு முத்திரை குத்தும் அதே தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையக் கடைகளின் விமர்சனங்களுக்கும் ஒரு தரத்தை வெளியிட்டது. எண் ஐ.எஸ். 19000. காசு கொடுத்து எழுத வைத்த விமர்சனத்தைப் போடக் கூடாது. எழுதியவர் நிஜமான ஆள்தானா என்பதை மின்னஞ்சல், தொலைபேசி போன்ற வழிகளில் சரிபார்க்க வேண்டும் என்கிறது. விருத்தாசலத்துப் பொம்மையை இணையத்தில் விற்கும் சின்ன வியாபாரிக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவர் கடைக்குக் கிடைத்த நட்சத்திரங்கள்தான் அவருடைய முதல். பொம்மையே வாங்காத ஒருவர் பத்துப் பெயரில் வந்து ஒற்றை நட்சத்திரம் குத்தினால், ஒரு நவராத்திரிச் சீசன் போய்விடும். வாங்கினாரா என்பதுதான் அங்கே தெரிய வேண்டிய விஷயம். வாங்கியவரின் அப்பா பெயரை வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் அந்தத் தரம் வெளியானபோது அதைக் கடைப்பிடிப்பது கட்டாயம் ஆக்கப்படவில்லை.

பொம்மை என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. குழம்பாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, சுவரோடு ஒட்டி மண் இறுகுகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால், பொம்மையின் இரு பக்கமும், காதிலிருந்து தோள் வழியாகப் பாதம் வரை, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு ஒன்று மேடாகத் தெரியும். அதைக் கத்தியால் சீவி ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் காது போய்விடும். அழுத்தாமல் விட்டால், சுட்டு வண்ணம் பூசிய பிறகும் கோடு காட்டிக் கொடுக்கும். கிருஷ்ணன் பொம்மையின் கழுத்தோரம் விரலை ஓட்டிப் பார்த்தால் தேர்ந்த கையா, கற்றுக்கொள்ளும் கையா என்று தெரிந்துவிடும். சீவியவர் பெயர் பொம்மையில் எங்கேயும் இல்லை. கண் எழுதியவர் பெயரும் இல்லை. அவர்கள் பெயரை மறைத்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றின் அடியில் விபி, கமூரி, இட்டா என்பது போன்ற பட்டறை முத்திரைகள். அந்தக் கலங்களின் காலத்தை வைத்துத்தான் வீலர் அந்த இடத்தின் காலத்தையே கணித்தார். அரெஸ்ஸோ பட்டறைகளின் முத்திரைகளில் முதலாளியின் பெயரோடு அடிமையின் பெயரும் சேர்ந்து வருவது உண்டு. ரோமானிய அடிமைக்குக் கிடைத்த அந்த அளவு இடம், நம் பொம்மைக்குக் கண் எழுதும் பெண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லை. பெயரை மறைக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள், பெயர் அழிக்கப்பட்டவர்களையும் சேர்த்தே பேச வேண்டும். உண்மைப் பெயர் வேண்டாம் என்றால் ஒரு குறி போதும், ஒரு பூ, ஒரு பிறை, ஓர் எழுத்து. இந்தப் பூக் குறி போட்டவர் கை வேண்டும் என்று அடுத்த வருஷம் ஒருவர் கேட்டு வாங்கட்டும். அந்தக் கைக்குக் கூலி உயரும்.

அதே பெண், தன் பெயர் வெளியே தெரியவே கூடாது என்று நினைக்கும் தருணமும் உண்டு. காய்ந்த மண்ணைச் சீவும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்த நோய் அது. தூசியைப் பற்றிப் பேசினால் வேலை போகும், பேசாமலிருந்தால் மூச்சுப் போகும் என்ற நிலையில் ஒருவர் இருந்தால் அவர் எப்படிப் புகார் செய்வார்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கை இதற்கு ஒரு வழி சொல்கிறது. புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் முற்றிலும் ரகசியமாக வைக்க வேண்டும். ஒரு புகாரின் பேரில்தான் வந்தேன் என்றுகூட முதலாளியிடம் காட்டிக்கொள்ளக் கூடாது. இந்தியா 1949-இலேயே இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆய்வாளருக்குத் தெரிந்த பெயர் அவரோடு நிற்கும் என்று தொழிலாளி நம்ப வேண்டுமே. பீகாரில் நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி அதே கடிதத்தில் கேட்டிருந்தார். கடிதம் அவர் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்று சி.பி.ஐ. சொன்னது. எப்படியானாலும், மறைக்கச் சொன்ன பெயரை அரசு மறைக்கவில்லை.

பெயரையே வாங்காமல் ஆளை நம்பும் வழி இன்று கையில் இருக்கிறது. பத்திரிகைகள் 2013 முதல் பயன்படுத்தும் ‘செக்யூர்டிராப்’ என்ற ஏற்பாட்டில், தகவல் கொடுப்பவருக்குச் சில சொற்களால் ஆன ஒரு ரகசியப் பெயர் கிடைக்கும். அதைச் சொல்லி அவர் மறுபடி வரலாம், கேட்ட கேள்விக்குப் பதில் தரலாம், ஆவணத்தைச் சேர்க்கலாம். அவர் யார் என்று ஆசிரியருக்குத் தெரியாது. போன மாதம் சரியாகச் சொன்ன அதே ஆள்தான் இப்போதும் பேசுகிறார் என்பது தெரியும். மாவட்டத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் இப்படி ஒன்றை வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. முதல் புகாரைச் சந்தேகத்தோடு பாருங்கள், போய்த் தூசியை அளந்து பாருங்கள், சொன்னது உண்மையானால் அந்தக் குறியில் வரும் அடுத்த புகாரை முதலில் எடுங்கள். பெயரைக் கேட்காதீர்கள்.

நம் சட்டம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைக் காக்கவென்று கொண்டுவந்த சட்டத்தின் நான்காம் பிரிவு, தன் அடையாளத்தைச் சொல்லாதவர் கொடுக்கும் தகவலின் மீது நடவடிக்கையே கூடாது என்கிறது. அந்தப் பிரிவைத் திருத்த வேண்டும் என்று கேட்கலாம் என்றால், 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டத்தை மத்திய அரசு இன்னும் நடைமுறைக்கே கொண்டுவரவில்லை.